பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

உங்கள் வீட்டு மின்விசிறி ஒருநாள் மெல்லச் சுழலத் தொடங்குகிறது. சுவிட்சைப் போட்டால் தயங்குகிறது. குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. மின்பணியாளரை அழைக்கிறீர்கள். அவர் மூடியைக் கழற்றி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு சிறு பொருளை மாற்றுகிறார். “கண்டென்சர் போய்விட்டது, அவ்வளவுதான்” என்கிறார். விசிறி பழைய வேகத்தில் சுழல்கிறது. அந்தச் சிறு பொருளுக்காக விசிறியையே தூக்கி எறிந்திருந்தால் அது வீண் செலவு என்பதை நாம் எல்லாரும் ஒப்புக்கொள்வோம்.

இதே நிலைமை ஒரு தொழிற்சாலையில் ஏற்படட்டும். கொதிகலனையோ உருட்டாலையையோ ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, முப்பது ஆண்டு உழைத்தபின், காரணமின்றி நின்று நின்று ஓடுகிறது. இப்போது இரண்டு குரல்கள் எழுகின்றன. “பழையதாகிவிட்டது, முழுவதையும் கழித்துவிட்டுப் புதிது போடுங்கள்” என்பது ஒன்று. “இத்தனை நாள் ஓடிற்று, இன்னும் ஓடும், ஒட்டுப்போட்டுச் சமாளியுங்கள்” என்பது மற்றொன்று. முதற்குரல் பெரும்பாலும் விற்பனையாளருடையது. இரண்டாவது, கணக்குப் பிரிவினுடையது. இரண்டையும் நாம் இங்கே ஆராய்ந்து பார்க்கப் போகிறோம். இரண்டுமே கருவியின் வயதை மட்டும் பார்க்கின்றன. அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இதுதான் நம் குற்றச்சாட்டு. இந்த அலட்சியம் மனித உயிர்களையே பலிகொண்டிருக்கிறது என்பதைப் பின்னால் காண்போம்.

ரிலேயிலிருந்து நிரலுக்கு

கட்டுப்பாட்டுக் கருவி என்பது என்ன? வெப்பம், அழுத்தம், வேகம், கதவின் நிலை போன்றவற்றை உணர்வது. உணர்ந்ததை வைத்து முடிவு செய்வது. மோட்டாருக்கும் வால்வுக்கும் ஆணையிடுவது. இம்மூன்று வேலைகளைச் செய்வதே கட்டுப்பாட்டுக் கருவியாகும். முன்னாளில் ‘முடிவு செய்யும்’ வேலையை ரிலேக்கள் செய்தன. ரிலே என்பது மின்காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு சுவிட்சுதான். ‘கதவு மூடியிருந்தால், எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தால், மோட்டார் ஓடட்டும்’ என்ற கட்டளை, வரிசையாகக் கோத்த ரிலேக்களின் கம்பி இணைப்பிலேயே அடங்கியிருந்தது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில், கார்களின் வடிவம் மாறும்போதெல்லாம் இந்த ரிலே பலகைகளின் கம்பிகளைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டியிருந்தது. எனவே 1968-இல் அந்நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றக்கூடிய ஒரு கருவி வேண்டுமென்று கேட்டது. ரிச்சர்ட் மார்லி என்பவரும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய ‘மோடிக்கான் 084’ என்ற கருவி 1969-இல் வந்தது. பி.எல்.சி. என்று இன்று நாம் அழைக்கும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் முன்னோடி அது. ரிலே படங்களைப் படித்துப் பழகிய பணியாளர்களுக்குப் புரியும்படி, அதன் கட்டளைகள் ஏணிப் படிகள் போன்ற படமாகவே எழுதப்பட்டன. பழையதை மாற்றியவர்கள், பழையதை அறிந்தவர்களின் மொழியைத் தூக்கி எறியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் இங்கே பிறந்தது. உருட்டாலையின் இரும்புச் சட்டம் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதை ஆட்டுவிக்கும் மின்னணுப் பலகையின் உதிரிப் பாகமோ, அதற்கு வெகு முன்பே சந்தையிலிருந்து மறைந்துவிடும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கே இந்நிலை வந்தது. விண்ணோடத்தின் உந்துகலங்களைச் சோதிக்கும் தரைக் கருவிகளுக்காக, 8086 என்ற பழைய நுண்செயலிச் சில்லுகளை 2002-இல் அந்நிறுவனம் இணையவழி ஏலக் கடைகளிலும் பழைய மருத்துவக் கருவிகளிலும் தேடிக்கொண்டிருந்தது.

எது மூப்படைகிறது?

‘கருவி பழசாகிவிட்டது’ என்பது பொத்தாம் பொதுவான பேச்சு. ஒரு மின்னணுப் பலகையிலுள்ள எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. அளவோடு சூடாகும் மின்தடைகளும், நல்ல உறையிலுள்ள சிலிக்கன் சில்லுகளும் நெடுங்காலம் உழைப்பவை. முதலில் தளர்பவை வேறு சில.

முதலாவது, மின்வழங்கிப் பகுதியிலுள்ள மின்பகு மின்தேக்கி. இது உங்கள் விசிறியிலுள்ள கண்டென்சருக்கு உறவினன். ஆனால் இதனுள்ளே ஒரு திரவம் உண்டு. அலுமினியத் தகடு, அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம், இடையே மின்பகு திரவம் என்பது இதன் அமைப்பு. அடியிலுள்ள ரப்பர் அடைப்பு வழியாக அத்திரவம் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுகிறது. திரவம் குறையக் குறைய மின்தேக்கும் அளவு குறைகிறது, உள்தடை கூடுகிறது, மின்னழுத்தம் சீராக இராமல் துடிக்கிறது. கருவி காரணமின்றி நின்றுபோவதன் இரகசியம் பல சமயம் இதுதான்.

இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இம்மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலார் கையாளும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று உறுதி கூறப்பட்ட ஒரு மின்தேக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி 65 டிகிரி இருந்தால், நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம் கிடைக்கும். ஆண்டுக்கு 8,760 மணி என்று வகுத்துப் பாருங்கள். மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதே மின்தேக்கி 45 டிகிரியில் இருந்தால் 1,28,000 மணி. அதாவது பதினான்கரை ஆண்டு! கட்டுப்பாட்டுப் பெட்டியின் காற்று வடிகட்டியில் படிந்த தூசியைத் தட்டுவதும் தட்டாமல் விடுவதும் பத்தாண்டு ஆயுளைத் தீர்மானிக்கக்கூடும் என்று தெரிகிறதல்லவா?

இரண்டாவது, நினைவகத்தைக் காக்கும் மின்கலம். பழைய பி.எல்.சி.க்கள் பலவற்றில், மின்சாரம் போனாலும் நிரல் அழியாமல் காப்பது ஒரு சிறு மின்கலமே. அது தீர்ந்த நிலையில் மின்சாரம் நின்றாலும், கவனமில்லாத ஒருவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்கலத்தைக் கழற்றினாலும், நிரல் அழிந்துவிடக்கூடும். நகல் இல்லையென்றால் கருவி இருந்தும் அதன் அறிவு போய்விடும்.

மூன்றாவது, ரிலேயின் தொடுமுனைகள், செருகிகள், பற்றாசு வைத்த இணைப்புகள். பொறி பறந்து முனைகள் குழி விழுகின்றன, ஈரத்தால் களிம்பேறுகிறது, சூடாகியும் ஆறியும் பற்றாசில் விரிசல் காண்கிறது.

இவை அனைத்தும் மாற்றக்கூடிய பாகங்கள். ஆகவே ‘பழசு’ என்ற ஒரே சொல்லால் முழுக் கருவியையும் தள்ளுவது, பல்வலிக்குத் தலையை எடுப்பது போன்றது. அதேசமயம், அலமாரியில் உதிரிப் பலகை இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவதும் தவறு. மின்னோட்டமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மின்பகு மின்தேக்கியின் ஆக்சைடு படலம் நலிந்துவிடும். அவசரத்தில் பொருத்திய உதிரி அன்றே புகையலாம்.

புதியதும் பழுதாகும்

‘புதிதாக வாங்கினால் தொல்லை தீரும்’ என்பதும் பாதி உண்மையே. பெரும் எண்ணிக்கையிலான கருவிகளின் பழுதுகளைக் காலத்துக்கு எதிராக வரைந்தால், குளியல் தொட்டியின் குறுக்குவெட்டுப் போன்ற வளைகோடு கிடைப்பதுண்டு. தொடக்கத்தில் உற்பத்திக் குறைகளால் பழுது மிகுதி. பிறகு நெடுங்காலம் குறைவு. இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் மிகுதி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர் தொட்டியின் வலது விளிம்பிலிருந்து தப்பி, இடது விளிம்பில் ஏறிக்கொள்கிறார்.

புதிய கருவி பழையதற்கு இல்லாத ஒரு வாயிலையும் திறக்கிறது. அதுதான் பிணையம். 2018 ஆகஸ்டில் தைவானின் புகழ்பெற்ற சில்லு உற்பத்தி நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யின் ஆலைகள் பல நின்றுபோயின. புதிதாகக் கொணர்ந்த ஒரு பொறியின் மென்பொருளை நிறுவியபோது உள்ளே புகுந்த கணிப்பொறி நச்சுநிரல், பிணையத்தில் இணைந்தவுடன் மற்றப் பொறிகளுக்கும் பரவியது. தனியே நின்ற பழைய பெட்டிக்கு இத்தகைய தொற்று எளிதில் வராது.

நகைப்புக்கு ஆளான நெகிழ்வட்டு

2024-இல் செய்தித்தாள்கள் பலவற்றில் வந்த ஒரு செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். சான்பிரான்சிஸ்கோ நகரின் சுரங்க இருப்புப்பாதையில், தொடர்வண்டிகளின் இயக்கத்தை நடத்தும் கருவியமைப்பு 1998-இல் நிறுவப்பட்டது. அதன் நிரல்கள் ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டுகளிலிருந்து ஏற்றப்படுகின்றன! கணிப்பொறிகளின் தலைநகரான சிலிக்கன் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே இந்த வேடிக்கையா என்று பலர் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. நெகிழ்வட்டு அந்த அமைப்பின் முக்கிய நோயன்று. தண்டவாளத்தோடு ஓடி, வண்டிக்கும் நடுவண் கணிப்பொறிக்கும் இடையே செய்தி கடத்தும் கம்பி வளையங்கள் எளிதில் அறுபடக்கூடியவையாக இருந்தன. அமைப்பு 20 முதல் 25 ஆண்டு உழைக்கவே வகுக்கப்பட்டது. அதை அறிந்த வல்லுநர்களைத் தேடிப் பிடிப்பதும் ஆண்டுக்காண்டு கடினமாயிற்று. இவற்றை எடைபோட்டுத்தான் அந்நகரப் போக்குவரத்து நிறுவனம், புதிய அமைப்புக்காக 2024 அக்டோபரில் 21 கோடியே 20 இலட்சம் டாலர் மதிப்புள்ள ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. முடிவு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் ‘நெகிழ்வட்டு வெட்கக்கேடு’ என்பது அதற்கான காரணம் அன்று. ஒரு பொருள் பார்வைக்குப் பழையதாக இருப்பது வேறு. அதைப் பேண முடியாமற் போவது வேறு.

மாற்றும்போது தொலைந்த காவல்

இனி, மாற்றத்தால் நேர்ந்த ஒரு கொடுமையைப் பார்ப்போம். இது தொழிற்சாலையில் அன்று, மருத்துவமனையில் நடந்தது. ஆனால் பாடம் ஒன்றே. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் ‘தெராக்-20’ என்ற பொறியில், கணிப்பொறி இருந்தபோதிலும், தனித்த மின்சுற்றுகளும் இயந்திரப் பூட்டுகளும் காவல் நின்றன. கதிர்க்கற்றையின் வலிமையும் அதைத் தடுத்துப் பரப்பும் பாகத்தின் நிலையும் பொருந்தவில்லையென்றால், அவை பொறியை நிறுத்திவிடும். கனடா நாட்டின் ஏ.இ.சி.எல். நிறுவனம் அடுத்து உருவாக்கிய ‘தெராக்-25’ பொறியில் இந்தக் காவல்களில் பல நீக்கப்பட்டன. எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலருக்கு விழுந்தது, கொடுக்க எண்ணியதைப் போல் ஏறத்தாழ 100 மடங்கு. அவர்களில் மூவரேனும் அதனால் உயிரிழந்தார்கள். பணியாளர் விசைப்பலகையில் தவறாக இட்ட ஒரு கட்டளையைச் சில நொடிகளுக்குள் திருத்தினால், மென்பொருளின் ஒரு பகுதி அத்திருத்தத்தைக் கவனிக்கத் தவறியது என்பது பின்னர் கண்ட காரணங்களில் ஒன்று.

இன்னும் வியப்பான செய்தி இனிமேல்தான் வருகிறது. அதே வகைப் பிழை பழைய தெராக்-20 பொறியின் மென்பொருளிலும் இருந்தது! ஆனால் அங்கே பிழை நேரும்போதெல்லாம் காவற்சுற்று இடையில் புகுந்தது; உருகி எரிந்தது; பொறி நின்றது. நோயாளிக்கு ஒன்றும் நேரவில்லை. ‘இந்தப் பொறியில் அடிக்கடி உருகி போகிறதே’ என்று சலித்துக்கொண்டவர்களுக்கு, அந்த உருகி ஓர் உயிரைக் காத்தது தெரியாது. பழைய கருவி வெளியே சொல்லாமல் செய்துவந்த வேலையைக் கணக்கெடுக்காமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

பாதி பழையது, பாதி புதியது

அப்படியானால் மாற்றாமல் பகுதி பகுதியாகச் செப்பனிடுவதுதான் பாதுகாப்பானதா? அதற்கும் ஒரு விடை உண்டு, அதுவும் துயரமானது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் மெட்ரோ இருப்புப்பாதையில், வண்டி எங்கே நிற்கிறது என்பதை அறியத் தடச்சுற்று என்ற ஏற்பாடு இருந்தது. பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தண்டவாளத்திலும் ஒரு மின்சைகையை அனுப்புவார்கள். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் சைகையைக் குறுக்கே மடக்கிவிடும். மறுமுனைக்குச் சைகை வராது. ‘சைகை வரவில்லை, ஆகவே பாதையில் வண்டி உண்டு’ என்று கருவி முடிவு செய்யும். கம்பி அறுந்தாலும் சைகை வராது; அப்போதும் ‘வண்டி உண்டு’ என்றே முடிவாகும். பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமே சாயும் அழகிய ஏற்பாடு இது.

2009 ஜூன் 17-இல், கருவிகளைப் புதுப்பிக்கும் பணியின் ஒரு பகுதியாக, ஃபோர்ட் டோட்டன் நிலையத்துக்கு அருகில் ஒரு தடச்சுற்றில், தண்டவாளத்தோடு சைகையை இணைக்கும் பாகத்தை மாற்றினார்கள். புதிய பாகம் ஒரு நிறுவனத்தினுடையது. பெட்டியிலிருந்த பழைய மின்னணுப் பலகைகள் வேறொரு நிறுவனத்தினுடையவை. பழைய பலகையில் ‘ஒட்டுண்ணி அலைவு’ எனப்படும் வேண்டாத அதிர்வு ஒன்று தோன்றியது. அந்தப் போலிச் சைகை தண்டவாளத்துக்குப் போகாமலே, பலகைகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் வழியாகவும் பொது மின்வழங்கி வழியாகவும் குறுக்கு வழியில் ஏற்பியை அடைந்தது. வண்டி நின்றிருந்தபோதும் ‘சைகை வருகிறது, பாதை காலி’ என்று கருவி சொல்லிற்று.

ஜூன் 22 மாலை, கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் நின்றிருந்த ஒரு வண்டியின் பின்னால், தானியங்கு முறையில் வந்த மற்றொரு வண்டி மோதிற்று. ஓட்டுநர் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள்.

விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு காரணங்களைச் சுட்டியது. ஒன்று, அந்தப் பலகைகளின் பழுது. மற்றொன்று நம் சிந்தனைக்கு உரியது. 2005-இலேயே ராஸ்லின் நிலையத்துக்கு அருகில் இதே போன்ற பழுதால் வண்டிகள் மோதும் நிலை வந்து, ஓட்டுநர்களின் விழிப்பால் தவிர்க்கப்பட்டது. அதன்பின் இத்தகைய பழுதைக் கண்டுபிடிக்க ஒரு மேம்பட்ட சோதனைமுறையும் வகுக்கப்பட்டது. ஆனால் அந்தச் சோதனை எல்லா இடங்களிலும் வழக்கமாகக் கைக்கொள்ளப்படவில்லை. மருந்து கையிலிருந்தும் நோயாளிக்குக் கொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தெராக் பொறியில் புதிதாக்கினார்கள். வாஷிங்டனில் பகுதியை மாற்றிச் செப்பனிட்டார்கள். இரண்டிலும் உயிர்கள் போயின. எனவே ‘பழுது பார்ப்பதா, மாற்றுவதா’ என்பது முதற்கேள்வி அன்று என்பது தெளிவாகிறதல்லவா? அதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு:

1. இக்கருவி செய்யும் வேலைகள் யாவை? காகிதத்தில் எழுதப்படாமல், உருகியாகவும் பூட்டாகவும் அது செய்யும் காவல் வேலைகளும் கணக்கில் வந்தனவா?

2. அதன் நிரலின் நகலும், இன்றுள்ள நிலையைக் காட்டும் கம்பி வரைபடமும் கையில் உள்ளனவா? அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? அவர் ஓய்வு பெறுமுன் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்?

3. பழுதானால் அது எந்தப் பக்கம் சாயும்? நிறுத்தும் பக்கமா, ஓட்டும் பக்கமா?

4. ஒரு பாகத்தை மாற்றியபின், முழு அமைப்பும் சரியாக வேலை செய்கிறது என்பதைச் சோதித்துக் காட்ட வழி உண்டா? அச்சோதனையை உண்மையில் செய்கிறார்களா?

இவற்றுக்கு விடை இருந்தால் நாற்பது வயதுக் கருவியையும் அச்சமின்றிப் பேணலாம். மாற்றுவதானாலும் நிதானமாக மாற்றலாம். விடை இல்லையென்றால் நேற்று வாங்கிய கருவியும் ஆபத்தானதே. உதிரிப் பாகம் கிடைக்காமற் போய், அறிந்தவர்களும் அருகிவரும் காலம் வந்தால், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றத்துக்குத் திட்டமிட வேண்டும். நின்றபின் மாற்றுகிறவருக்குப் பழையதன் நடத்தையைப் பார்த்து அறிந்துகொள்ள வாய்ப்பே இராது.

இங்கே செலவுக் கணக்கின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பலகையைச் செப்பனிடும் கூலியையும் புதிய கருவியின் விலையையும் அருகருகே எழுதி, எது குறைவு என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். புதியதற்கு வேண்டிய கம்பி வேலை, நிரலை மீண்டும் எழுதும் உழைப்பு, சோதனை, பயிற்சி, அதற்காக ஆலை நிற்கும் நாள்கள் ஆகியவை ஒரு பக்கத்தில் விடுபடுகின்றன. திடீரென்று கருவி நின்றால் வரும் இழப்பு மறுபக்கத்தில் விடுபடுகிறது. இரண்டு பக்கமும் பாதி எழுதிய கணக்கு கணக்காகாது.

மாணவர்களே, புதிய கருவியை வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் புகழ், ஓடுகின்ற கருவியைப் பேணுகிறவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு பழைய பெட்டியைத் திறந்து, இந்த மின்தேக்கி எதற்கு, இந்த ரிலே எதைக் காக்கிறது, இதை எடுத்துவிட்டால் யாருக்கு என்ன நேரும் என்று விடாமல் கேட்பவர் ஒரு பொறியாளருக்குரிய முதற்கடமையைச் செய்கிறார். அந்தக் கேள்விகளுக்கு விடை கண்டு எழுதி வைத்தபின் பழுது பாருங்கள், அல்லது மாற்றுங்கள். இரண்டும் நல்ல முடிவுகளே.